எக்ஸ்.எம்.எல். ஆவணங்களில் பெயர்வெளிகளைப் பேணுதல்

பிலாஸ்பூர் என்னும் பெயருடைய மாவட்டம் இமாசலப் பிரதேசத்தில் ஒன்று உண்டு; சத்தீஸ்கரிலும் ஒன்று உண்டு. ஹமீர்பூர் என்பதும் அவ்வாறே இமாசலப் பிரதேசத்திலும் உத்தரப் பிரதேசத்திலுமாக இரு மாவட்டங்களின் பெயராகும். மாநிலத்தின் பெயரை எழுதாது விட்டால் கடிதம் எங்கே போய்ச் சேரும் என்பதற்கு உறுதியில்லை. கணிப்பொறிகள் தமக்குள் பரிமாறிக்கொள்ளும் ஆவணங்களிலும் இதே இடர்ப்பாடு எழுகின்றது. அதனை நீக்குவதற்கு ஏற்பட்டதே பெயர்வெளி என்னும் முறை.

எக்ஸ்.எம்.எல். என்னும் குறிமொழி 1998-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் பரிந்துரையாக வெளிவந்தது. இம்மொழியில் உறுப்புகளுக்கு எவரும் தமக்கு வேண்டிய பெயரை இடலாம். ஆகவே இருவர் ஒரே பெயரை வெவ்வேறு பொருளில் ஆளுவது தவிர்க்க முடியாததாயிற்று. மறு ஆண்டு ஜனவரியில் பெயர்வெளி விதிகள் வெளியாயின.

பெயர்வெளியின் அமைப்பு

ஒவ்வொரு பெயர்வெளிக்கும் வலை முகவரியின் வடிவில் ஓர் அடையாளம் உண்டு. ஆவணத்தைப் படிக்கும் நிரல் அம்முகவரிக்குச் சென்று எதையும் பெற்று வருவதில்லை; எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்ப்பதோடு சரி. ஓர் எழுத்து மாறினாலும் அது வேறு பெயர்வெளியே.

நீண்ட முகவரியை ஒவ்வொரு பெயருடனும் எழுதுதல் இயலாது. ஆதலால், 'எக்ஸ்.எம்.எல்.என்.எஸ்.' என்று தொடங்கும் அறிவிப்பினால் அதற்கு ஒரு சிறு முன்னொட்டை வகுத்துக்கொள்கின்றனர். முன்னொட்டே இல்லாமலும் அறிவிக்கலாம்; அது இயல்நிலைப் பெயர்வெளி எனப்படும். அறிவிப்பு எந்த உறுப்பில் உள்ளதோ, அவ்வுறுப்பிலும் அதன் உள்ளே அடங்கியவற்றிலும் அது செல்லும். இயல்நிலைப் பெயர்வெளி உறுப்புகளையே சாரும். முன்னொட்டில்லாத பண்புகளை அது சாராது. முன்னொட்டு வெறும் சுருக்கக் குறியே. மெய்யான அடையாளம் முகவரியாகும். இவ்வுண்மையை மறப்பதே பெரும்பாலான பிழைகளுக்குக் காரணம்.

ஓர் எடுத்துக்காட்டு

இடமறி கருவிகளில் பதிவாகும் புள்ளிகளைச் சேமிக்க ஜி.பி.எக்ஸ். என்னும் எக்ஸ்.எம்.எல். வடிவம் பயன்படுகின்றது. அதன் 1.1 பதிப்பு 2004-இல் வெளிவந்தது. ஒவ்வொரு புள்ளியும் ஓர் உறுப்பு. அட்சரேகையும் தீர்க்கரேகையும் அதன் பண்புகள். உயரம், பெயர் முதலியன அதனுள் அடங்கிய உறுப்புகள்.

கள ஊழியர் ஒருவர் 200 கிணறுகளின் இருப்பிடங்களைப் பதிந்து வந்துள்ளார் எனக் கொள்வோம். ஊர்ப் பெயர்களில் உள்ள எழுத்துப் பிழைகளைத் திருத்தி, நீர்மட்ட ஆழத்தையும் சேர்க்க வேண்டும். கையால் செய்வதற்குப் பதிலாக அவர் பைத்தான் மொழியில் ஒரு சிறு நிரல் எழுதுகின்றார். அம்மொழியுடன் 2006 முதல் இணைந்து வரும் 'எலிமெண்ட் ட்ரீ' என்னும் தொகுதியை அதற்குக் கையாளுகின்றார்.

முதல் பிழை இங்கே நேருகின்றது. 'நேம்' என்னும் உறுப்பைத் தேடுமாறு அவர் ஆணையிடுகின்றார். நிரலோ ஒன்றையும் காணவில்லை. ஏனெனில், எலிமெண்ட் ட்ரீ ஆவணத்தைப் படிக்கும்போதே முன்னொட்டுகளை நீக்கி, ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் முழு முகவரியை நெளிவு அடைப்புக்குறிகளுக்குள் இட்டுவிடுகின்றது. வெறும் 'நேம்' என்பது எப்பெயர்வெளியையும் சாராத மற்றொரு பெயர். நிரல் பிழைச் செய்தி எதுவும் தராமல் முடிந்துவிடுகின்றது. திருத்தம் நிகழ்ந்துவிட்டது என்று ஊழியர் நம்புகின்றார். ஆனால் ஒரு கிணற்றின் பெயரும் மாறவில்லை. இதற்குப் பரிகாரம் எளிது. ஒரு முன்னொட்டையும் அதற்குரிய முகவரியையும் அகராதியாக அமைத்துத் தேடும் ஆணையுடன் கொடுத்தல் வேண்டும். அம்முன்னொட்டு ஆவணத்தில் உள்ளதாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. ஜி.பி.எக்ஸ். 1.0, 1.1 ஆகிய பதிப்புகளுக்கு வெவ்வேறு முகவரிகள் உள்ளமையால், ஒன்றிற்கு எழுதிய நிரல் மற்றொன்றில் வெறுங்கையுடன் திரும்பும்.

இரண்டாம் பிழை எழுதும்போது நேருவது. மூல முன்னொட்டுகள் நினைவில் இல்லாமையால், 'என்.எஸ்.0', 'என்.எஸ்.1' என்று புதிய முன்னொட்டுகளைத் தொகுதி தானே படைத்துக்கொள்கின்றது. விதிப்படி நோக்கின் ஆவணத்தின் பொருள் மாறவில்லை. எனினும், பெயர்வெளியை உணராது எழுத்துகளை மட்டும் தேடும் நிரல்கள் இவ்வாவணத்தைப் படிக்க மாட்டா. 200 கிணறுகளும் கோப்பில் இருந்தும் வரைபடத்தில் தோன்றாமற் போகலாம். இதனைத் தவிர்க்க, எழுதுவதற்கு முன் 'ரெஜிஸ்டர் நேம்ஸ்பேஸ்' என்னும் ஆணையால் முகவரியைப் பதிவு செய்தல் வேண்டும். முன்னொட்டின் இடத்தைக் காலியாக விட்டால் அது இயல்நிலைப் பெயர்வெளியாக எழுதப்படும். இப்பதிவு நிரல் முழுவதற்கும் பொதுவானது. காலி முன்னொட்டை வேறொரு முகவரிக்கு மீண்டும் பதிந்தால் முந்தைய பதிவு அழிந்துவிடும்.

மேலும், எந்த உறுப்பின் பெயரிலோ பண்பின் பெயரிலோ ஆளப்படாத பெயர்வெளியின் அறிவிப்பை எலிமெண்ட் ட்ரீ எழுதுவதில்லை. சில ஆவணங்களில் பண்பின் மதிப்பிற்குள்ளேயே ஒரு முன்னொட்டு ஒளிந்திருக்கும். அறிவிப்பு மறைந்தபின் அம்முன்னொட்டுக்குப் பொருளில்லை. இத்தகைய ஆவணங்களுக்கு, மூல முன்னொட்டுகளையும் அறிவிப்புகளையும் பேணும் 'எல்.எக்ஸ்.எம்.எல்.' என்னும் தொகுதி ஏற்றது.

புதிய உறுப்பைச் சேர்த்தல்

மூன்றாம் பிழை நுண்ணியது. நீர்மட்ட ஆழத்திற்கு ஜி.பி.எக்ஸ். வடிவில் உறுப்பு இல்லை. பிறருடைய செய்திகளுக்கென அதில் 'எக்ஸ்டென்ஷன்ஸ்' என்ற பகுதி உண்டு; வேறு பெயர்வெளியைச் சார்ந்த உறுப்புகளே அங்கே இடம்பெறலாம். பெயர்வெளி குறிக்காமல் 'ஆழம்' என்னும் உறுப்பைச் சேர்த்தால், இயல்நிலை அறிவிப்புடன் எழுதப்பட்ட கோப்பை மீண்டும் படிக்கையில் அது ஜி.பி.எக்ஸ். பெயர்வெளியைச் சார்ந்ததாகிவிடும், வடிவ விதிக்கு மாறாகும். ஆகவே, அலுவலகம் தனக்கென ஒரு முகவரியை வரையறுத்து, புதிய உறுப்பை அப்பெயர்வெளியில் படைத்தலே முறை.

அறிவிப்புகளைச் சொல் மாற்றத்தால் நீக்கிவிட்டு, திருத்தம் முடிந்தபின் மீண்டும் ஒட்டுவோரும் உளர். ஒரே பெயர்வெளியுள்ள ஆவணத்தில் இது பலிக்கலாம். இரண்டு கலந்த ஆவணத்தில், இரு பிலாஸ்பூர்களின் கடிதங்களையும் ஒரே பையில் கொட்டியது போலாகும்.

சரிபார்க்கும் முறை

திருத்திய கோப்பை மூலத்தின் மீது எழுதாமல் வேறு பெயரில் சேமித்தல் நலம். பின்னர் அதனை மீண்டும் படித்து, புள்ளிகளின் எண்ணிக்கை முன்போலவே உள்ளதா, முழுப் பெயர்களின் பட்டியலில் புதிதாகச் சேர்த்தவை மட்டும் கூடியுள்ளனவா என்று ஒப்பிட வேண்டும். தேடலில் கிடைத்தவை சுழியம் எனில், கோப்பை எழுதாது நின்றுவிடுமாறு நிரலை அமைத்தல் இன்றியமையாதது.

ஆசிரியர்கள் இதனை வகுப்பில் ஒரு பயிற்சியாகவே செய்து காட்டலாம். மூன்று புள்ளிகள் கொண்ட சிறு கோப்பு ஒன்று போதும். அதனைத் திருத்தமேதும் இன்றிப் படித்து எழுதச் செய்து, மூலத்தையும் நகலையும் அருகருகே வைத்தால், எது மாறியது, எது மாறவில்லை என்பதை மாணவர் தாமே கண்டுகொள்வர். முன்னொட்டு மாறலாம், முகவரி மாறலாகாது என்னும் விதி அவர்கள் மனத்தில் பதிந்துவிடும். களத்தில் வெயிலில் நடந்து திரட்டிய அளவுகள் மேசையின் மீது தொலைந்து போகாமல் இருப்பதற்கு இவ்வொரு விதியே பெருங்காப்பாகும்.