ஜீப்பின் ஸ்டியரிங் ஏன் ஆடுகிறது? டேம்பர் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

ஜீப்பில் போனவர்களுக்கு இது தெரிந்திருக்கும். தார் ரோட்டில் 50, 60-ல் போய்க்கொண்டிருக்கும்போது முன் சக்கரம் ஒரு சின்னப் பள்ளத்தில் இறங்கி ஏறும். அவ்வளவுதான், ஸ்டியரிங் வெடவெடவென்று ஆட ஆரம்பித்துவிடும். இறுக்கிப் பிடித்தால் நம் கையையும் சேர்த்து ஆட்டும். புத்தகத்தில் இதற்கு ‘ஷிம்மி’ என்று பெயர். ஒர்க்ஷாப்பில் ‘வாப்ளிங்’ என்பார்கள்.

எல்லா வண்டிக்கும் இந்த நோய் வருவதில்லை. முன் சக்கரம் இரண்டும் ஒரே ஆக்ஸிலில் பூட்டியிருக்கும் வண்டிகளுக்குத்தான் அதிகம் வரும். 1940-களின் கடைசியில் பம்பாயில் மகிந்திரா கம்பெனி பூட்டத் தொடங்கிய வில்லிஸ் ஜீப், அதன் வழியில் வந்த மகிந்திரா ஜீப்புகள், 1985-ல் வந்த மாருதி ஜிப்ஸி எல்லாம் இந்த ஜாதி. 2023-ல் நம் நாட்டில் விற்பனைக்கு வந்த ஜிம்னியும் அப்படித்தான். அதில் கம்பெனியே ஸ்டியரிங் டேம்பர் வைத்துத் தருகிறது. 2020-ல் வந்த புதிய தாரில் முன் சக்கரங்களுக்குத் தனித்தனி சஸ்பென்ஷன். அதனால் அதை இங்கே விட்டுவிடலாம்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போமா? பழைய ஜீப்பின் 6.00-16 டயருக்கு விட்டம் சுமார் 71 சென்டிமீட்டர். ஒரு சுற்றுக்கு 2.23 மீட்டர் ஓடும். 60 கிலோமீட்டர் வேகம் என்றால் விநாடிக்கு 16.7 மீட்டர், அதாவது ஏழரைச் சுற்று. டயரில் ஒரு பக்கம் கொஞ்சம் எடை கூடியிருந்தால் அது விநாடிக்கு ஏழரை முறை தட்டும். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால் உயர உயரப் போகிறதல்லவா? அதுபோல, தட்டுகிற வேகமும் சக்கரம் தானாக ஆடும் வேகமும் ஒத்துப்போனால் ஆட்டம் பெருகும். ஜாயின்ட்டுகளில் தேய்மானம் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

டேம்பர் என்பது படுக்கவைத்த ஷாக் அப்சர்பர் மாதிரி. ஒரு முனை சேஸிஸிலோ ஆக்ஸிலிலோ இருக்கும், மறுமுனை டை ராடில் இருக்கும். உள்ளே ஆயில், சின்ன ஓட்டைகள், ஒரு பிஸ்டன். கிணற்றுத் தண்ணீரில் கையை மெதுவாக இழுத்தால் சுலபமாக வரும், ஓங்கி அடித்தால் கை வலிக்கும். டேம்பரும் அதே கதைதான். வளைவில் திருப்பும்போது வழிவிடும், கல் மோதும்போது எதிர்த்து நிற்கும். ஆகவே அது ஆட்டத்தை அடக்குமே தவிர ஆட்டத்தின் காரணத்தைப் போக்காது. இந்த ஒன்றில்தான் பலர் காசை விடுகிறார்கள்.

எங்கள் மாமா கரும்பு வெட்டும் ஆட்களை ஏற்றிப்போகும் பழைய ஜீப் ஓட்டுகிறார். ஒரு கடையில் “டேம்பர் போச்சு, புதுசு போடுங்க” என்று சொல்லி மாட்டிவிட்டார்கள். இரண்டு மாதத்தில் பழையபடி ஆட்டம். எங்கள் குடும்பத்தில் டிப்ளமோ வரைக்கும் வந்தவன் நான் ஒருத்தன்தான். அதனால், “மாப்ளே, நீதான் படிக்கிறியே, ஏன் ஆடுதுன்னு சொல்லேன்” என்றார். ஜாக்கி போட்டுப் பார்த்தோம். கிங் பின் பேரிங் தேய்ந்து கிடந்தது. பின்னால் பத்துப் பேர் உட்கார்ந்து வருகிற வண்டி அது! புது டேம்பர் அந்த இரண்டு மாதமும் நோயை மூடி மறைத்திருந்தது.

பார்க்கும் முறை எளிது. பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன் ஆக்ஸிலை ஜாக்கியில் தூக்கி, கீழே ஸ்டாண்டு வையுங்கள். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ‘டக் டக்’ என்று ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங் பின். பிறகு சக்கரத்தைக் கீழே இறக்கி, ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமும் கொஞ்சமாக, வேகமாகத் திருப்ப, இன்னொருவர் குனிந்து டை ராடு எண்டு, டிராக் லிங்க், ஸ்டியரிங் பாக்ஸ் போல்ட்டு எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். பழைய வில்லிஸ் வகையில் நடுவில் பெல் கிராங்க் ஒன்று உண்டு, அதை மறக்கக் கூடாது. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் விரலை ஜாயின்ட் மேல் வைத்தால் ஆட்டம் தெரியும். பட்டை புஷ், யு போல்ட், டயர் காற்று, வீல் பேலன்ஸ் ஆகியவையும் உண்டு. அழகுக்காக வண்டியைத் தூக்கி, பெரிய டயர் போட்டவர்கள் காஸ்டரை அளந்தே ஆகவேண்டும். வில்லிஸுக்கு அது 3 டிகிரி. அது குறைந்தால் சக்கரம் தானாக நேருக்கு வராது.

இத்தனையும் சரி செய்த பிறகு, காலியான ரோட்டில் டேம்பரைக் கழற்றிவிட்டு மெதுவாக ஓட்டிப் பாருங்கள். அப்படியும் வண்டி நேராகப் போக வேண்டும். போனால்தான் டேம்பர் வாங்கும் பேச்சு.

பழைய டேம்பரைக் கையால் இழுத்துத் தள்ளிப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கனமாக இருக்க வேண்டும். நடுவில் வெறுமனே ஓடினாலோ ஆயில் கசிந்திருந்தாலோ அது போய்விட்டது. கடையில் “இந்த ஷாக் அப்சர்பரே போதும் தம்பி” என்பார்கள், நம்பாதீர்கள். சாதாரண ஷாக் அப்சர்பர் நிமிர்ந்து நிற்கச் செய்தது. படுக்கவைத்தால் உள்ளே உள்ள காற்று வால்வுக்குள் போய்விடும். போதாததற்கு, அது அமுங்கும்போது ஒரு கனம், நீளும்போது ஒரு கனம். ஸ்டியரிங் ஒரு பக்கம் லேசாகவும் மறுபக்கம் இறுக்கமாகவும் இருக்கும். அதிகக் கேஸ் அழுத்தம் உள்ளதையும் நான் வாங்க மாட்டேன். கம்பியைத் தானாக வெளியே தள்ளி வண்டியை ஒரு பக்கம் இழுக்கும். ‘ஒரிஜினல்’ என்று சொல்பவரை எங்கள் திருவாமாத்தூர் வட்டப்பாறையில் கை வைத்துச் சத்தியம் செய்யச் சொன்னால் எத்தனை பேர் வருவார்களோ!

நீளம்தான் முக்கியம். இடக்கோடியிலிருந்து வலக்கோடிவரை திருப்பி, டேம்பர் மாட்டும் இடத்தில் டை ராடு எவ்வளவு நகர்கிறது என்று டேப்பால் அளக்க வேண்டும். ஒரு பேச்சுக்கு 18 சென்டிமீட்டர் என்று வைப்போம். முழுக்க அமுக்கினால் 30, முழுக்க இழுத்தால் 50 என்றுள்ள டேம்பருக்கு ஓட்டம் 20. சக்கரம் நேராக நிற்கும்போது அது 40-ல் இருக்கும்படி மாட்டினால், இரண்டு கோடியிலும் 1 சென்டிமீட்டர் மிச்சம் இருக்கும். மிச்சம் இல்லாவிட்டால் டேம்பரே முட்டுக்கட்டையாகி, வளைவில் வண்டி முழுதாகத் திரும்பாது. கடைசியில் டேம்பரின் தலையே முறியும். முனையில் கண் புஷ்ஷா, பின்னா என்பதையும் பார்த்து வாங்குங்கள். இரட்டை டேம்பர் நம் வண்டிகளுக்கு வீண் செலவு என்பது என் கருத்து.

ஓடும்போதே ஆட்டம் வந்தால்? சட்டென்று பிரேக் அடிக்கக் கூடாது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை எதிர்த்துத் திருப்பாமல் உறுதியாகப் பிடித்து, வேகம் தானாகக் குறையவிட்டு ஓரம் கட்டுங்கள். ஆட்களை இறக்கிவிட்டுத்தான் அடியில் குனிய வேண்டும்.

மாமாவின் வண்டியில் கிங் பின் பேரிங் மாற்றி, ஷிம் வைத்து இறுக்கம் சரி செய்தோம். இரண்டு மாதம் முன் வாங்கிய அதே டேம்பர்தான் இப்போதும் ஓடுகிறது. ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் அதன் போல்ட்டுகளை ஒருமுறை ஸ்பேனர் போட்டுப் பார்த்தோம், ஒன்று கால் சுற்று இறங்கியது.