உங்கள் வங்கிப் புத்தகத்தில் யாருடைய பெயர் இருக்கிறது?

களுவாஞ்சிக்குடியில் இடியப்பம் அவித்து விற்றுப் பிள்ளைகளை வளர்த்த ஓர் அக்காவை நினைத்துப் பாருங்கள். கலியாணம் முடித்த புதிதில் திறந்த வங்கிக் கணக்கில்தான் இன்றும் காசு போடுகிறார். தனக்குப் பிறகு காசு யாருக்கு என்று அன்று எழுதிக் கொடுத்தது கணவரின் பெயர். அந்தக் கணவர் 1990 இல் காணாமற்போனார். பெயர் மட்டும் படிவத்தில் அப்படியே இருக்கிறது.

நம்மில் பலருடைய புத்தகமும் இப்படித்தான். கணவருடைய காசை எடுக்க எத்தனை தரம் அலைந்தோம்! அதே அலைச்சலை நம் பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லலாமா?

வங்கியில் ‘நொமினி’ என்று சொல்லப்படும் நியமனதாரரின் பெயரை எழுதிக் கொடுத்தால், கணக்குக்காரர் இறந்தபின் மரணச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் காட்டி அவர் காசைக் கேட்கலாம். பெயர் இல்லாவிட்டால் உரித்தாளர்கள் தங்கள் உரிமையை நிரூபிக்க வேண்டும். சொத்தின் பெறுமதி கூடினால் மாவட்ட நீதிமன்றத்தில் மரணசாதன வழக்குப் போட வேண்டி வரும். காசும் செலவு, காலமும் செலவு.

மரணசாதனம் எழுதாமல் ஒருவர் இறந்தால் சொத்து யாருக்கு? வடமாகாணத் தமிழருக்குரிய தேசவழமை மட்டக்களப்புத் தமிழருக்குப் பொருந்தாது. 1876 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி பாதி மனைவிக்கு அல்லது கணவருக்கு; மற்றப் பாதி பிள்ளைகளுக்கு. மகன், மகள் என்ற பேதமில்லை. முஸ்லிம் சகோதரிகளுக்கு முஸ்லிம் சட்டம் பொருந்தும்.

கணவர் காணாமற்போயிருந்தால்? “செத்துப்போனார் என்று நான் எப்படிக் கையெழுத்து வைப்பேன்?” என்ற வேதனை நமக்குத் தெரியும். 2016 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணக்கிடைக்காமைச் சான்றிதழ் பெற வழி செய்தது. அவருடைய சொத்தைத் தற்காலிகமாகப் பராமரிக்க அது உதவும். அதைப் பெற்றதால் அவரைத் தேடும் உரிமை போய்விடாது. அவருடைய கணக்குக்கு வேறென்ன பத்திரம் வேண்டுமென்று வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள். அந்தக் கடிதத்தோடு சட்ட உதவி ஆணைக்குழுவை நாடுங்கள். வருமானம் குறைந்தோருக்குச் சட்ட உதவி செய்யவே அது 1978 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைக்கப்பட்டது.

இனி நாம் செய்ய வேண்டியவை:

• ஒவ்வொரு கணக்கிலும் யாருடைய பெயர் இருக்கிறதென்று கேளுங்கள். ஊழியர் சேமலாப நிதி, காப்புறுதி இருந்தால் அவற்றையும் பாருங்கள்.

• இறந்தவர், காணாமற்போனவர் பெயர் இருந்தால் புதிய படிவம் நிரப்புங்கள். அவரை மறந்துவிட்டோம் என்பதல்ல இதன் அர்த்தம்.

• பெயரும் அடையாள அட்டை இலக்கமும் பிழையில்லாமல் இருக்கட்டும். ஓர் எழுத்துப் பிழையும் பிறகு தலையிடியாகும்.

• புத்தகங்கள் இருக்கும் இடத்தை நம்பிக்கையான ஒருவருக்குச் சொல்லி வையுங்கள்.

சகோதரிகளே, சாவைப் பற்றிப் பேசுவது அபசகுனம் என்று இதைத் தள்ளிப் போடாதீர்கள். வியர்வை சிந்திச் சேர்த்த காசு யாரிடம் போக வேண்டும் என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். அடுத்த முறை வங்கிக்குப் போகும்போது இந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு வாருங்கள்.