இருந்தும் இல்லாத குளோரின்

2016 ஆகஸ்ட் 9, ரியோ டி ஜெனிரோ. மரியா லெங்க் நீச்சல் அரங்கில், பத்து மீட்டர் மேடையிலிருந்து வீராங்கனைகள் ஜோடி ஜோடியாகக் குதிக்கிறார்கள். குதிக்கிற குளம் கரும்பச்சை. பக்கத்திலேயே இருந்த வாட்டர் போலோ குளம் பளிச்சென்று நீலம். முந்தைய நாள் இரண்டும் ஒரே நிறத்தில்தான் இருந்தன. ஒலிம்பிக் குளமே பாசி பிடித்த கோயில் குளம் மாதிரி ஆனால் உலகம் சிரிக்காமல் இருக்குமா? மறுநாள் நீலக் குளமும் நிறம் மாறத் தொடங்கியது.

காரணம் சில நாளில் வெளியே வந்தது. ஆகஸ்ட் 5, தொடக்க விழா அன்று, குளங்களில் சுமார் 80 லிட்டர் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றப்பட்டிருக்கிறது. காயத்தில் விட்டால் பொங்கி நுரைக்குமே, அந்தத் திரவம். அதுவும் கிருமிநாசினி, குளோரினும் கிருமிநாசினி. காவலுக்கு இரண்டு பேர் இருந்தால் நல்லதுதானே என்று தோன்றும். இந்த இரண்டு பேரும் எதிர்ப்பட்டால் திருடனை விட்டுவிட்டு ஒருவரை ஒருவர் அடித்துக்கொள்வார்கள். கடைசியில் மிஞ்சுவது குளோரைடு, தண்ணீர், கொஞ்சம் ஆக்சிஜன். (ஆய்வுக்கூடத்தில் விளக்கை அணைத்துவிட்டு இதே வினையை அடர்த்தியாக நடத்தினால், பிறக்கிற ஆக்சிஜன் மங்கலான சிவப்பில் ஒளிரும். ஒருமுறையாவது பார்க்க வேண்டிய காட்சி.) காவல் போனதும் பாசி போன்றவை பெருக வழி கிடைத்துவிட்டது. நீருக்கடியில் ஒருவரை ஒருவர் பார்த்தபடி ஆட வேண்டிய கலைநீச்சல் போட்டிக்காக, சுமார் 37 லட்சம் லிட்டர் தண்ணீரை வெளியேற்றி, பயிற்சிக் குளத்துத் தண்ணீரைக் கொண்டுவந்து நிரப்பினார்கள்.

வீட்டில் நீச்சல் குளம் வைத்திருப்பவர் யாரும் குளோரின் குளத்தில் பெராக்சைடு ஊற்றப்போவதில்லை. ஆனாலும் பச்சை வரும். ‘குளோரின் போட்டேனே!’ என்பார். போட்டிருப்பார், பொய்யில்லை. அது வேலை செய்கிற நிலையில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

பிளீச்சிங் பவுடரோ, திரவமோ, மாத்திரையோ, எதைப் போட்டாலும் தண்ணீருக்குள் கிருமியைக் கொல்வது ஹைப்போகுளோரஸ் அமிலம் என்கிற சின்ன மூலக்கூறு. அதற்கு மின்னூட்டம் கிடையாது, அதனால் பாக்டீரியாவின் சுவருக்குள் சுலபமாக நுழைந்துவிடும். இந்த அமிலம் ஒரு ஹைட்ரஜனைக் கழற்றிவிட்டால் எதிர்மின் அயனி ஆகிவிடும். பாக்டீரியாவின் மேற்பரப்பும் எதிர்மின்தான். ஒன்றையொன்று தள்ளும், கொல்லும் வேகம் பல மடங்கு குறைந்துபோகும். தண்ணீரில் எது எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது பிஹெச், அதாவது தண்ணீரின் அமில-கார அளவு. 7.2 இருந்தால் குளோரினில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வேலைக்காரன். 7.5இல் பாதிக்குப் பாதி. 8ஐத் தொட்டால் கால் பங்குகூடத் தேறாது. போட்ட குளோரின் அதேதான், ஆள் மட்டும் பாதிக்கு மேல் தூங்குகிறது.

இந்த பிஹெச் தானாகவே ஏறும் என்பது எனக்குப் பிடித்த விஷயம். குளத்து நீரில் கரியமில வாயு கரைந்திருக்கிறது, அதுதான் நீரைக் கொஞ்சம் அமிலப் பக்கம் இழுத்துப் பிடித்திருக்கிறது. சோடா பாட்டிலைக் குலுக்கினால் வாயு போவதுபோல, குழந்தைகள் தண்ணீரை அடித்து விளையாடினாலோ அழகுக்கு வைத்த செயற்கை அருவி கொட்டினாலோ அது பறந்துவிடும், பிஹெச் ஏறும். அருவி வைத்த வீட்டில், ஏறிய பிஹெச்சை இறக்க ஊற்றும் ஆசிட் கேனும் அடிக்கடி காலியாகும். (அந்த ஆசிட்டும் குளோரினும் ஒரே வாளியில் சேரவே கூடாது. கிளம்புவது விஷவாயு.)

அடுத்த எதிரி வெயில். திறந்த குளத்தில் உச்சி வெயில் நேரத்துப் புற ஊதாக் கதிர், பாதுகாப்பில்லாத குளோரினில் பாதியை ஒரு மணி நேரத்துக்குள் தின்றுவிடும். அதற்காகச் சேர்ப்பது சயனூரிக் அமிலம். குளோரினைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது கொஞ்சம் கொஞ்சமாக விடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கடையில் விற்கும் டிரைகுளோர் மாத்திரையிலேயே இதுவும் சேர்ந்து வருகிறது. மாத்திரை போடப்போட குளோரின் செலவாகும், சயனூரிக் அமிலம் தங்கும். ஆவியாகாது, எளிதில் சிதையாது. மாதங்கள் கழித்து, குளோரின் ஏறக்குறைய மொத்தமும் அதன் மடியில் உட்கார்ந்திருக்கும். சோதனையில் அளவு சரியாகக் காட்டும், சுவரில் பாசி வழுக்கும். அப்போது தண்ணீரில் ஒரு பகுதியை வெளியேற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் விடுவதுதான் வழி.

இனி மூக்கு. ‘குளோரின் வாசனை தூக்குகிறது, அப்போ குளம் சுத்தம்’ என்று நாம் நம்புவதற்கு நேர் எதிர்தான் உண்மை. சரியாகப் பராமரித்த குளத்தில் அநேகமாக வாசனையே இருக்காது. மூக்கை அரிப்பது குளோரமைன்கள்: வியர்வையிலும் சிறுநீரிலும் உள்ள நைட்ரஜன் சேர்மங்களோடு குளோரின் கூடிப் பிறப்பவை. கண் சிவப்பதற்கும் பெரும்பாலும் இவைதான் பொறுப்பு. இதற்கு மருந்து குளோரினைக் குறைப்பதில் இல்லை. நிறையக் கொட்டி அவற்றை உடைத்துத் தள்ள வேண்டும். இறங்கும் முன் ஒரு நிமிடம் குளித்துவிட்டு வந்தால் அந்தக் குளோரின் ஓரளவு மிச்சமாகும்.

50,000 லிட்டர் வீட்டுக் குளத்தில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்றால், மொத்தக் குளத்துக்கும் 100 கிராம்தான். இவ்வளவு மெல்லிய அளவைக் கண்ணால் பார்க்க முடியாது என்பதால்தான் டிபிடி சோதனை. சின்னக் குழாயில் தண்ணீரை எடுத்து மருந்தைப் போட்டால் இளஞ்சிவப்பு வரும். எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு குளோரின். இதிலும் ஒரு பொறி உண்டு. குளோரின் மிக அதிகமாக இருந்தால், உண்டான நிறத்தையே அது வெளுத்துவிடும். குழாய் தெளிந்த நீராக நிற்கும். குளோரினே இல்லை என்று நினைத்து இன்னும் ஒரு டப்பா கொட்டுபவர்கள் உண்டு. ஒரு பங்கு குளத்து நீரோடு நாலைந்து பங்கு வாலைவடிநீர் கலந்து மறுபடி சோதித்துப் பார்க்க வேண்டும். இப்போது இளஞ்சிவப்பு எட்டிப் பார்த்தால், டப்பாவை மூடி வைத்துவிடலாம்.