ஃபிட்டர் வேலை என்றால் என்ன?

பத்தாம் வகுப்பு முடித்தவர் ஐடிஐயில் ஃபிட்டர் படிக்கலாமா என்று கேட்டால், வீட்டில் முதலில் சம்பளத்தைத்தான் பேசுவார்கள். அங்கே கை என்ன கற்றுக்கொள்ளும் என்பதையும் தெரிந்துகொண்டு முடிவெடுப்பது நல்லது.

உதாரணத்துக்கு, ஒரு பம்ப், அதை ஓட்டும் மோட்டார். இரண்டையும் நிறுவ வேண்டும். கான்கிரீட் அடித்தளத்தில் பேஸ் பிளேட்டை வைத்து, லெவல் பார்த்து, அடியில் கிரௌட் எனும் கலவையை ஊற்றி இறுகவிடுவார்கள். நுட்பமான வேலை அதற்குப் பிறகுதான். இரண்டு ஷாஃப்ட்டும் கப்ளிங்கில் ஒரே நேர்கோட்டில் சேர வேண்டும். கண்ணுக்கு நேராகத் தெரிந்தால் போதாது. டயல் கேஜைப் பொருத்தி ஷாஃப்ட்டைச் சுற்றினால், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு விலகலைக்கூட முள் காட்டிவிடும். மோட்டாரின் காலுக்கடியில் மெல்லிய ஷிம் தகடுகளைச் செருகி அதைச் சரிசெய்வார்கள். நான்கு கால்களில் ஒன்று சரியாகப் படியாவிட்டால், போல்ட்டை இறுக்கும்போது மோட்டாரின் உடலே முறுக்கிக்கொள்ளும். பார்த்த அலைன்மென்ட் எல்லாம் வீண். அதனால் அந்தக் காலை முதலிலேயே, ஃபீலர் கேஜால் இடைவெளி பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

இதில் அவசரப்பட்டாலும் மெஷின் ஓடத்தான் செய்யும். அதுதான் ஆபத்து. நாளாக நாளாக அதிர்வு கூடும், பேரிங் சூடாகும், சீல் கசியும். பேரிங்கை மட்டும் திரும்பத் திரும்ப மாற்றும் ஆலைகள் உண்டு. நல்ல ஃபிட்டர், புதுசு கேட்பதற்கு முன் பழையது ஏன் போனது என்று பார்ப்பார். மாற்றும்போதும் பேரிங்கைச் சுத்தியலால் அடித்து ஏற்றமாட்டார். அந்த அடி உருளைகள் ஓடும் பாதையில் தழும்பு விட்டுவிடும். ஹீட்டரில் ஏறக்குறைய 110 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால் உள்வளையம் விரிந்து ஷாஃப்ட்டில் எளிதாக ஏறும்.

எந்த மெஷினையும் கழற்றும் முன் மின்சாரத்தைத் துண்டித்து, சுவிட்சில் உங்கள் பூட்டைப் போட்டு, சாவியை உங்கள் சட்டைப்பையிலேயே வைத்திருங்கள். சூப்பர்வைசர் எவ்வளவு விரட்டினாலும் இதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஃபிட்டர் படிப்பு 2 ஆண்டு. ஆண்களோடு பெண்களும் சேரலாம். முடித்ததும் 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டப்படி உதவித்தொகையோடு ஆலையில் பயிற்சி பெறலாம். ரயில்வே, திருச்சி பெல், நெய்வேலி என்எல்சி போன்றவை அப்ரண்டிஸ்களை எடுக்கின்றன. மேலே படிக்க விரும்பினால் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரவும் வழியுண்டு.

பயிற்சி இடத்தைத் தேர்ந்தெடுக்க முடிந்தால், உதவித்தொகை சற்றுக் குறைந்தாலும் மெயின்டனன்ஸ் பிரிவையே கேளுங்கள். நாள் முழுக்க ஒரே நட்டை முடுக்கும் அசெம்ப்ளி வரிசையைவிட, பழைய கியர்பாக்ஸைப் பிரித்துப் பார்க்க விடும் சின்ன ஆலை அதிகம் கற்றுத்தரும்.