இருபத்தைந்து ஷாட், ஒரு கோல்கூட இல்லை

ஆட்டம் முடிந்ததும் திரையில் புள்ளிவிவரம் விரிகிறது. உங்கள் அணி அடித்த ஷாட்டுகள் 25. எதிரணி அடித்தது 3. பந்து உங்கள் பக்கம் இருந்தது 68 சதவீத நேரம். முடிவு? 0–1, தோல்வி. ‘கேம் ஏமாற்றுகிறது!’ என்று மேசையைத் தட்டாத ‘ஃபுட்பால் மேனேஜர்’ ரசிகரைக் காண்பது அரிது. ஆனால் அந்தத் தோல்வி உள்ளே எப்படிப் பிறக்கிறது என்று பிரித்துப் பார்த்தால், அந்த விளையாட்டு மிக நேர்மையாக நடந்துகொண்ட தருணம் அதுதான் என்று தெரியவரும்.

இந்த வகை வீடியோ கேமில் நீங்கள் பந்தைத் தொடுவதே இல்லை. நீங்கள் பயிற்சியாளர். பதினொரு பேரைத் தேர்ந்தெடுக்கிறீர்கள், வியூகம் வகுக்கிறீர்கள், ஆள் வாங்குகிறீர்கள், விற்கிறீர்கள். பிறகு கோட்டுக்கு வெளியே நின்று தவிக்கிறீர்கள். இங்கிலாந்தின் ஷ்ராப்ஷையரைச் சேர்ந்த பால் காலியர், ஆலிவர் காலியர் என்ற சகோதரர்கள் உருவாக்கி, 1992-இல் ‘சாம்பியன்ஷிப் மேனேஜர்’ என்ற பெயரில் வெளிவந்தது ‘ஃபுட்பால் மேனேஜ’ரின் முதல் வடிவம். பல ஆண்டுகள் ஆட்டம் என்பது திரையில் மின்னி மறையும் வர்ணனை வரிகள் மட்டும்தான். 2003-இல்தான் மைதானத்தை மேலிருந்து பார்ப்பதுபோல் புள்ளிகள் ஓடத் தொடங்கின. அதற்கு முன்பே, வெறும் எழுத்தைப் பார்த்தபடி இரவெல்லாம் விழித்திருந்தவர்கள் ஏராளம். படம் இல்லாமலே பிடித்து வைக்கும் வலிமை எங்கிருந்து வந்தது?

எண்களிலிருந்து. ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் பாஸ், வேகம், தலையால் முட்டுதல், துணிச்சல், நிதானம் என்று முப்பதுக்கும் மேற்பட்ட திறன்கள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 20 வரை மதிப்பெண். இவை கண்ணுக்குத் தெரிபவை. தெரியாதவையும் உண்டு: ஒருவர் வாராவாரம் ஒரே தரத்தில் ஆடுவாரா, பெரிய ஆட்டத்தில் கால் நடுங்குமா, அடிக்கடி காயம் படுமா. இவற்றுக்கும் உள்ளே மதிப்பெண் இருக்கிறது, உங்களுக்குக் காட்டுவதில்லை. நிஜப் பயிற்சியாளருக்கும் அதை யாரும் எழுதிக் கொடுப்பதில்லையே.

இப்போது ஒரே ஒரு பாஸைப் பாருங்கள். நடுக்கள வீரரிடம் பந்து வருகிறது. வலது ஓரத்தில் சக வீரர் தனியாக ஓடுகிறார். அவர் கண்ணில் படுகிறாரா என்பதைப் ‘பார்வை’ மதிப்பெண் தீர்மானிக்கிறது. பட்டாலும் அவருக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று தோன்றுமா என்பது ‘முடிவெடுத்தல்’. எதிராளி நெருங்கி வரும்போது பதறாமல் இருப்பது ‘நிதானம்’. கடைசியாகத்தான் காலின் வித்தை. இத்தனையும் கண் இமைக்கும் நேரத்தில், களத்தில் உள்ள 22 பேருக்கும், ஆட்டம் முழுக்க மறுபடி மறுபடி நடக்கிறது. இதைச் செய்யும் நிரல் பகுதிக்கு ஆட்ட இயந்திரம் என்று பெயர். கோல் விழ வேண்டும் என்று அங்கே யாரும் முன்கூட்டி எழுதி வைக்கவில்லை. ஆயிரக்கணக்கான சின்ன முடிவுகளின் குவியலிலிருந்து அது தானாக முளைக்கிறது.

ஒவ்வொரு முடிவிலும் தற்போக்கு எண் ஒன்று கலக்கிறது. கணினி உருட்டும் தாயக்கட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். பாஸ் மதிப்பெண் 18 வாங்கியவருக்கும் அது எப்போதாவது தவறாக விழும். சேமித்த ஆட்டத்தைத் திரும்பத் திறந்து, அதே பதினொருவரை அதே வியூகத்தில் இறக்கினால் 3–0 என்று வெல்வது இதனால்தான்.

சரி, அந்த மதிப்பெண்களை யார் போடுகிறார்கள்? மனிதர்கள். உலகெங்கும் பரவிய தகவல் சேகரிப்பாளர்கள் தங்கள் ஊர் கிளப்புகளைக் கவனித்து அனுப்புகிறார்கள். எனக்கு இந்த விளையாட்டின் ஆகப் பெரிய சாதனையாகப் படுவது இந்த மனித வலைதான். 2008-இல் இங்கிலாந்தின் எவர்ட்டன் கிளப், ஆள் தேடுவதற்காக இந்தத் தரவுத்தளத்தைப் பயன்படுத்த ஒப்பந்தமே போட்டது. சறுக்கல்களும் உண்டு. மில்வால் கிளப்பின் இளம் வீரர் செர்னோ சாம்பா, 2001–02 பதிப்பில் உலகையே கலக்கும் முன்கள வீரராக வளர்வார்; நிஜத்தில் அந்த உயரம் அவருக்கு வாய்க்கவில்லை. பதின்ம வயதில் ஒருவரைப் பார்த்து, அவர் 25 வயதில் எப்படி இருப்பார் என்று சொல்வது யாருக்குத்தான் எளிது? அதனால் சில இளைஞர்களுக்கு உச்சத் திறனை ஒரே எண்ணாகக் குறிக்காமல் ஓர் எல்லைக்குள் விட்டுவிடுகிறார்கள். புதிதாக ஆடத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் அந்த எல்லைக்குள் ஓர் எண் விழும். என் கணினியில் நட்சத்திரமாகும் பையன் உங்கள் கணினியில் இரண்டாம் டிவிஷனோடு நின்றுவிடலாம்.

இனி அந்தத் தோல்விக்கு வருவோம். கால்பந்தில் கோல் அபூர்வம். அபூர்வமாக நிகழ்பவற்றை எண்ணுவதற்கு 19-ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சுக் கணித அறிஞர் புவாசோன் தந்த ஒரு சூத்திரம் இருக்கிறது. பிரஷ்யப் படையில் குதிரை உதைத்து இறந்த வீரர்களின் கணக்கைக்கூட 1898-இல் அதில் பொருத்திப் பார்த்தார்கள்! அதே சூத்திரத்தில் இரண்டு அணிகளைப் போடுங்கள். பலமான அணி ஆட்டத்துக்குச் சராசரியாக 1.8 கோல் அடிக்கும். எளிய அணி 0.8. இரண்டு மடங்குக்கும் மேல் வித்தியாசம். ஆனாலும் பலமான அணி வெல்வது 100-க்கு 61 முறைதான். 23 முறை சமன். மிச்சம் 16 முறை எளிய அணி வெல்லும். அதாவது ஏறக்குறைய ஆறு ஆட்டத்துக்கு ஒன்று. 38 ஆட்டம் கொண்ட ஒரு லீக் பருவத்தை இந்தப் பலத்தோடே ஆடினாலும் சராசரியாக ஆறு தோல்வி உங்கள் பங்குக்கு வரும். ஆட்ட இயந்திரம் இந்தச் சூத்திரத்தை நேரடியாக எடுத்துப் போடுவதில்லை. நிஜத்தைப்போலவே அதிலும் கோல் அரிதாக விழுவதால் கணக்கும் ஏறத்தாழ இப்படியே அமைந்துவிடுகிறது.

அந்த 25 ஷாட்? ஒவ்வொரு ஷாட்டுக்கும் கோலாகும் வாய்ப்பு எவ்வளவு என்று அளக்கும் மதிப்பு ஒன்று உண்டு. கால்பந்து உலகில் அதை எக்ஸ்ஜி என்பார்கள். பெனால்ட்டிக்கு ஏறத்தாழ 0.76, நான்கில் மூன்று கோலாகும். தொலைவிலிருந்து, நெரிசலுக்கு நடுவே அடிக்கும் ஷாட்டுக்கு 0.03 இருந்தாலே பெரிது. அப்படி 25 அடித்தால் மொத்தம் 0.75. ஒன்றரை மணி நேரம் முற்றுகையிட்டு நீங்கள் சேர்த்தது ஒரே ஒரு பெனால்ட்டியின் மதிப்பு! இருபத்தைந்தில் ஒன்றுகூடக் கோலாகாமல் போகும் வாய்ப்பு 47 சதவீதம். கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி.

இன்னொன்றும் இருக்கிறது, இதுதான் நுட்பமானது. நீங்கள் ஏன் தொலைவிலிருந்து அடித்தீர்கள்? முந்தைய வாரங்களில் வென்றதால். எதிரணிகளை நடத்தும் கணினிப் பயிற்சியாளர்களும் உங்கள் பெயர் ஏறுவதைக் கவனிக்கிறார்கள். நேற்றுவரை தாக்கி ஆடிய அணி, இன்று பத்துப் பேரையும் சொந்த பெனால்ட்டிப் பெட்டிக்குள் நிறுத்திவிடுகிறது. உள்ளே நுழைய இடமில்லை. உங்கள் ஆட்கள் பொறுமையிழந்து வெளியிலிருந்தே உதைக்கிறார்கள். உங்கள் வெற்றியே கட்டிய சுவர் அது.

அனுபவசாலிகள் அப்போது பந்தை ஓரங்களுக்கு அகலமாக விரிக்கச் சொல்வார்கள், தொலைவு ஷாட்டைக் குறைக்கச் சொல்வார்கள், பெட்டிக்குள் இடம் திறக்கும்வரை பந்தைச் சுற்றவிடுவார்கள். ஷாட்டுகள் பன்னிரண்டாகச் சுருங்கலாம். அவற்றில் ஐந்துக்கு 0.25-உம், ஏழுக்கு 0.05-உம் மதிப்பு இருந்தால் மொத்தம் 1.6: பாதிக்கும் குறைவான ஷாட்டில், இரண்டு மடங்குக்கும் அதிகமான கோல் வாய்ப்பு.