பொது நூலகங்களும் புறப்பெயர்களும்

கணினியில் இயங்கும் நிரல் எதுவும் தனித்து நின்று தன் வேலையை முடித்துக்கொள்வதில்லை. எழுத்தைத் திரையில் காட்டுவதற்கும், படத்தை விரிப்பதற்கும், கோப்பைச் சுருக்குவதற்கும் பிறர் முன்னரே எழுதி வைத்த செயற்கூறுகளை அஃது இரவல் வாங்கிக்கொள்கிறது. இவ்வாறு இரவல் கொடுப்பதற்கென்றே திரட்டி வைக்கப்பட்ட செயற்கூறுகளின் தொகுதியை நூலகம் என்பர். அந்நூலகத்தின் ஒரே பிரதியைப் பல நிரல்களும் ஒரே வேளையில் பயன்படுத்துமாயின் அது பொது நூலகம் ஆகும்.

இதனால் விளையும் நன்மை வெளிப்படை. நூறு நிரல்கள் நூறு பிரதிகளைச் சுமக்க வேண்டியதில்லை, நினைவகம் மிச்சமாகிறது. நூலகத்தில் ஒரு குறை கண்டுபிடிக்கப்பட்டால் அதனை ஓரிடத்தில் திருத்தினாலே போதும். நூறு நிரல்களும் நலம் பெறும். ஆனால், ஓரிடத்தில் செய்யும் பிழை நூறு நிரல்களையும் ஒருங்கே கெடுக்கவும் கூடும் அன்றோ? ஆகவேதான், நூலகம் எவற்றை வெளியே அளிக்கிறது, எவற்றைத் தன்னுள் அடக்கிக்கொள்கிறது என்னும் கேள்வி முதன்மை பெறுகிறது.

பெயரே பாலம்

நிரல் ஒரு கோப்பு. நூலகம் வேறொரு கோப்பு. இரண்டும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு ஊரில், ஒருவரை ஒருவர் அறியாதவர்களால் எழுதப்பட்டவை. இவ்விரண்டையும் இணைப்பது யாது? பெயர்தான். ஒவ்வொரு பொது நூலகமும் ஒரு பெயர்ப்பட்டியலைத் தாங்கி நிற்கிறது. இன்ன பெயருடைய செயற்கூறு இன்ன இடத்தில் உள்ளது என்று அப்பட்டியல் கூறும். நிரலைத் தொடங்கும்பொழுது இயங்குதளத்தின் ஏற்றி என்னும் பகுதி, நிரல் கேட்கும் பெயர்களை நூலகத்தின் பட்டியலில் தேடிப் பொருத்திவிடுகிறது. அப்பட்டியலில் இடம்பெற்ற பெயர்களையே ஏற்றுமதிப் பெயர்கள் அல்லது புறப்பெயர்கள் என்கிறோம்.

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. பொது நூலகங்கள் பலவும் எழுதப்படும் சி மொழியில் ஒரு செயற்கூற்றுக்கு இரண்டு நிலைகளே உண்டு. ஒன்று, ‘ஸ்டாட்டிக்’ என்று குறிக்கப்பட்டு, தான் எழுதப்பட்ட ஒரு கோப்புக்குள் மட்டும் அடங்கியிருப்பது. மற்றொன்று, எல்லோர்க்கும் பொதுவாய் இருப்பது. ஆனால் ஒரு நூலகமோ பத்து அல்லது நூறு கோப்புகளால் ஆனது. அக்கோப்புகள் தமக்குள் ஒன்றையொன்று அழைக்க வேண்டும். வெளியார் மட்டும் அழைக்கலாகாது. இந்த நடுநிலையைச் சொல்ல அம்மொழியில் ஒரு சொல் இல்லை. வீட்டில் உள்ளறை உண்டு, தெரு உண்டு, இடையே கூடம் மட்டும் இல்லை என்பது போன்ற நிலை இது. மொழி தராத அந்தக் கூடத்தை ஒவ்வோர் இயங்குதளமும் தனக்குத் தோன்றிய வகையில் கட்டிக்கொண்டது.

மூன்று தளங்கள், மூன்று வழக்கங்கள்

விண்டோஸ் தளத்தின் வழக்கம் அடைத்த கதவு. டி.எல்.எல். எனப்படும் அதன் பொது நூலகத்திலிருந்து எந்தப் பெயரும் தானாக வெளியே செல்வதில்லை. வெளியே செல்ல வேண்டிய பெயர்களை ஆசிரியர் ஒரு தனிக் கோப்பில் பட்டியலிட வேண்டும். அல்லது நிரலிலேயே அடையாளமிட வேண்டும். மேலும், பெயரைக் கேட்கும் நிரல் ‘இன்ன நூலகத்திலுள்ள இன்ன பெயர்’ என்று இரண்டையும் சேர்த்தே குறித்து வைத்துக்கொள்கிறது. ஆகவே இரு நூலகங்களில் ஒரே பெயர் இருந்தாலும் குழப்பம் நேர்வதில்லை. பெயருக்குப் பதிலாக வரிசை எண்ணைக் கொண்டு அழைக்கும் முறையும் அங்கே உண்டு. அடுத்த வெளியீட்டில் அவ்வெண் மாறிவிட்டால், பழைய நிரல் தான் கேளாத வேறொரு செயற்கூற்றை அழைத்துவிடும்.

லினக்ஸ் முதலிய யூனிக்ஸ் வழித் தளங்களின் வழக்கம் திறந்த கதவு. யூனிக்ஸ் சிஸ்டம் ஃபைவின் நான்காம் வெளியீட்டுடன் வந்த ஈ.எல்.எஃப். என்னும் கோப்பு முறையில், ஸ்டாட்டிக் என்று குறிக்கப்படாத பெயர்கள் எல்லாம் இயல்பாகவே வெளியே சென்றுவிடுகின்றன. பெயரைக் கேட்கும் நிரலும் எந்த நூலகத்திலிருந்து என்று குறிப்பதில்லை. ‘இப்பெயர் வேண்டும்’ என்று மட்டுமே கேட்கிறது. ஏற்றி முதலில் நிரலிலும், பின்னர் நூலகங்களிலும் வரிசையாகத் தேடி, முதலில் கிடைத்ததைக் கொடுத்துவிடுகிறது.

மேக் தளம் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. அங்கும் பெயர்கள் இயல்பாக வெளியே செல்கின்றன. ஆயினும் 2001-இல் வந்த 10.1 வெளியீடு முதல், நூலகத்தின் பெயரையும் சேர்த்துக் குறிக்கும் இரு நிலைப் பெயர் முறை அங்கு நடப்புக்கு வந்தது.

திறந்த வாயிலின் விளைவு

லினக்ஸ் முறையில் நன்மை இல்லாமலில்லை. நினைவகத்தை ஒதுக்கும் செயற்கூற்றுக்குப் பதிலாக, கணக்குப் பார்க்கும் வேறொரு செயற்கூற்றை அதே பெயரில் முன்னே நிறுத்தி, நிரலைத் திருத்தாமலேயே அதன் குறையைக் கண்டறியலாம். ஆனால் அதே வசதி தீமையாகவும் முடியும். இரு நூலகங்களின் ஆசிரியர்கள், ஒருவரை ஒருவர் அறியாமல், ‘தொடங்கு’ என்பது போன்ற ஒரு பொதுப் பெயரைத் தத்தம் உட்பயனுக்கு வைத்திருப்பதாகக் கொள்வோம். இரண்டையும் ஒரு நிரல் ஏற்றினால், பின்னே நிற்கும் நூலகம் தன்னுடைய செயற்கூற்றை அழைப்பதாக எண்ணி முன்னதன் செயற்கூற்றை அழைத்துவிடும். எச்சரிக்கை எதுவும் வராது. விடை மட்டும் தவறாக வரும்.

வேகமும் குறைகிறது. தன் செயற்கூற்றைப் பிறர் மாற்றக்கூடும் என்பதால், நூலகம் தன்னைத்தானே அழைக்கும்பொழுதும் ஓர் இடைப்பட்டியலின் வழியே சுற்றிச் செல்ல நேர்கிறது. இவற்றினும் பெரிய தீமை ஒன்றுண்டு. வெளியே சென்ற பெயரை யாரேனும் ஒருவர் பயன்படுத்தத் தொடங்கிவிடுவார். அதன்பின் அதனை நீக்கினால் அவருடைய நிரல் நின்றுபோகும். உள்வேலைக்கென எழுதிய ஒன்று, ஆசிரியர் கொடாத வாக்குறுதியாகி அவரைப் பிணித்துவிடுகிறது.

ஒரு நடந்த வழக்கு

பெயரைக் காப்பாற்றினால் மட்டும் போதாது, அதன் பின்னுள்ள நடத்தையையும் காக்க வேண்டும் என்பதற்கு 2010-இல் நடந்த ஒரு செய்தி சான்றாகும். லினக்ஸ் தளத்தின் அடிப்படையான குனு சி நூலகத்தில், நினைவகத்தின் ஒரு பகுதியை மற்றோரிடத்துக்குப் படியெடுக்கும் ‘மெம்காப்பி’ என்ற செயற்கூறு உள்ளது. எடுக்கும் இடமும் வைக்கும் இடமும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தால் அதனைப் பயன்படுத்தலாகாது. அதற்கு ‘மெம்மூவ்’ என்ற வேறொன்று உண்டு என்பது மொழியின் விதி. அவ்வாண்டு ஃபெடோரா 14 வெளியீட்டுடன் வந்த புதிய நூலகத்தில், வேகம் கருதி, சில செயலிகளில் மெம்காப்பி பின்னிருந்து முன்னாகப் படியெடுக்குமாறு மாற்றப்பட்டிருந்தது. உடனே, இணையத்தில் படமும் பாட்டும் ஒலிக்க அந்நாளில் பலரும் பயன்படுத்திய ஃபிளாஷ் மென்பொருளின் ஒலி சிதைந்தது. படிந்த இடங்களுக்கும் அது மெம்காப்பியையே பயன்படுத்தி வந்ததே காரணம்.

குற்றம் யாருடையது? விதிப்படி பார்த்தால் ஃபிளாஷ் எழுதியவர்களுடையது. ஆனால் எய்தவன் இருக்க அம்பை நோவது போல, பயன்படுத்துவோர் லினக்ஸையே நொந்துகொண்டனர். நேற்று வரை ஓடிய நிரல் இன்று கெட்டால், விதி யார் பக்கம் என்று அவர்கள் பார்ப்பதில்லை என்பதை லினஸ் டோர்வால்ட்ஸ் அவர்களே எடுத்துக்காட்டி வாதாடினார்.

இதற்குத் தீர்வு 2011-இல் வந்த 2.14 வெளியீட்டில் கிடைத்தது. மெம்காப்பி என்ற ஒரே பெயருக்கு, 64 பிட் இன்டெல் வகைக் கணினிகளில், இரண்டு பதிப்பு முத்திரைகள் இடப்பட்டன. 2.2.5 என்ற பழைய முத்திரையைக் கேட்கும் நிரல்களுக்கு மெம்மூவ் போன்ற பாதுகாப்பான நடத்தை கிட்டும். புதிதாகத் தொகுக்கப்படும் நிரல்கள் 2.14 முத்திரையைப் பெறும். பழையனவும் கெடவில்லை; புதியனவும் தடைப்படவில்லை. எனினும் இதற்கும் ஒரு விலை உண்டு. புதிய தளத்தில் தொகுத்த நிரலைப் பழைய தளத்துக்குக் கொண்டு சென்றால், 2.14 முத்திரை அங்கே இல்லாமையால் அது தொடங்கவே மறுத்துவிடும். ஆதலால், பல இடங்களுக்கும் அனுப்பவேண்டிய நிரலைப் பழைய தளத்திலேயே தொகுப்பது வழக்கமாயிற்று.

காப்பு முறைகள்

எல்லாத் தளங்களிலும் செல்லத்தக்க நூலகத்தை எழுத விரும்புவோர், விண்டோஸின் அடைத்த கதவையே எங்கும் பொதுவாக்கிக்கொள்வது நலம். 2005-இல் வந்த ஜி.சி.சி. 4.0 தொகுப்பி முதல், பெயர்கள் அனைத்தையும் இயல்பாக மறைத்து, வேண்டியவற்றை மட்டும் வெளிக்காட்ட ஒரே கட்டளை போதும். வெளியே செல்ல வேண்டிய செயற்கூறுகளின் முன்னே ஒரு குறிச்சொல்லை இட்டு, அச்சொல் ஒவ்வொரு தளத்திலும் அத்தளத்துக்குரிய அடையாளமாக மாறுமாறு தலைப்புக் கோப்பில் வரையறுத்துவிடலாம். இதற்கும் மேலாக, லினக்ஸிலும் மேக்கிலும் புறப்பெயர்களைத் தனிப் பட்டியலாக எழுதி இணைப்பியிடம் கொடுக்கவும் வழியுண்டு.

இரண்டாவது முறை, பெயருக்கு ஒரு குலப்பெயரை முன்னே சேர்ப்பது. எஸ்.கியூ.லைட் என்னும் தரவு நூலகம் தன் புறப்பெயர்கள் தோறும் தன் பெயரையும் 3 என்ற எண்ணையும் முன்னே வைத்துள்ளது. அதனால் அதன் இரண்டாம் பதிப்பும் மூன்றாம் பதிப்பும் ஒரே நிரலுக்குள் மோதாமல் வாழ முடிந்தது.

மூன்றாவது, வாயிலைச் சி மொழியின் எளிய பெயர்களாலேயே அமைப்பது. சி பிளஸ் பிளஸ் மொழியில் செயற்கூற்றின் பெயருடன் அது வாங்கும் பொருள்களின் வகைகளும் பின்னப்பட்டு நீண்ட பெயராகும். அப்பின்னலைத் தொகுப்பிகள் எல்லாம் ஒரே வகையாகச் செய்வதில்லை. ஒரு தொகுப்பி வைத்த பெயரை மற்றொன்று அறியாமற்போகலாம்.

இறுதியாக, ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்னும் பட்டியலைச் சரிபார்த்தல் வேண்டும். நூலகத்தின் புறப்பெயர்களைக் காட்டும் கருவிகள் எல்லாத் தளங்களிலும் உண்டு. டெபியன் அமைப்பினர் நூலகங்களின் பெயர்ப்பட்டியலைப் பதிந்து வைத்து, புதிய பதிப்பில் ஒரு பெயர் காணாமற்போனால் தொகுப்பு வேலையையே நிறுத்திவிடும் ஏற்பாட்டைக் கையாளுகின்றனர். ஒரு பெயரைப் பின்னாளில் வெளியே விடுவது எளிது. விட்டதைத் திரும்பப் பெறுவதோ, எங்கோ ஒருவருடைய நிரலை நிறுத்திவிட்டே நடக்கக்கூடியது. ஆதலின், புதிதாக நூலகம் எழுதப் புகும் நம் இளைஞர்கள், தம் முதல் வெளியீட்டிலேயே அப்பட்டியலை ஒரு முறை எடுத்துப் படித்துப் பார்ப்பார்களாக. தாம் எண்ணியதைவிட எத்தனை பெயர்கள் அதில் மிகுந்திருக்கின்றன என்பதை அவர்களே காண்பார்கள்.