விலங்காக உடன் நடக்கும் ஆன்மா

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் விடிய விடியக் கூத்து நடக்கும்போது பாருங்கள், முன்வரிசையில் பிள்ளைகள்தான் தூங்காமல் உட்கார்ந்திருப்பார்கள். மாயம், சாபம், அரக்கர் எல்லாம் அவர்களுக்குப் பழக்கம். ஆனால் மேல்நாட்டில் சிறுவர் மாயக்கதைகள் மதச் சர்ச்சையில் சிக்கியதுண்டு.

2007 டிசம்பரில் வந்த 'த கோல்டன் காம்பஸ்' அப்படி ஒரு படம். ஃபிலிப் புல்மேன் 1995-இல் எழுதிய சிறுவர் நாவலின் திரைவடிவம். அந்த உலகில் மனிதரின் ஆன்மா ஒரு விலங்காகக் கூடவே நடக்கும். மாஜிஸ்டீரியம் என்ற அதிகார அமைப்பு, குழந்தைகளிடமிருந்து அந்த விலங்கைப் பிரிக்கப் பார்க்கும். திருச்சபையைத் தாக்கும் கதை என்று சொல்லி, அமெரிக்காவின் கத்தோலிக்க லீக் படத்தைப் புறக்கணிக்கச் சொன்னது. இத்தனைக்கும் நாவலின் மதச் சாடலைப் படக்குழு ஏற்கெனவே மழுப்பியிருந்தது! அமெரிக்கக் கத்தோலிக்க ஆயர் பேரவையின் திரைப்பட அலுவலகம் முதலில் பாராட்டி விமர்சனம் வெளியிட்டு, பிறகு அதைத் திரும்பப் பெற்றது. சுமார் 18 கோடி டாலரில் எடுத்த படம் அமெரிக்காவில் ஈட்டியது ஏறக்குறைய 7 கோடி. அடுத்த பாகங்கள் வரவே இல்லை.

 

புல்மேனுக்கு ஆதரவு வந்த இடம்தான் சுவையானது. அவருடைய நாவல்களைப் பள்ளிகளின் சமயக் கல்வி வகுப்பிலேயே விவாதிக்கலாம் என்று 2004-இல் யோசனை சொன்னவர், ஆங்கிலிக்கன் திருச்சபையின் அப்போதைய தலைவரான கேன்டர்பரி பேராயர் ரோவன் வில்லியம்ஸ்.